லில்லியின் தமிழ்க் குரல்

இந்த நாற்காலி காலிதானே? உட்கார்ந்துகொள்கிறேன். அங்கே ஏசிக்கு நேர் கீழே போட்டிருக்கிறார்கள், என் தொண்டைக்கு ஆகாது. தொண்டை டாக்டர் கிளினிக்கிலேயே இப்படி.

நீங்கள் காதுக்கா? பஞ்சு வைத்திருக்கிறீர்களே. அப்படியென்றால் இந்தப் பக்கம் மாறி உட்காருகிறேன், நல்ல காதுப் பக்கம். நான் பேசவே கூடாது என்று போன வாரம் பார்த்த டாக்டர் சொல்லியிருக்கிறார். பேசாமல் இருந்தால் எனக்கு வேறு ஏதாவது வியாதி வந்துவிடும். மெதுவாகப் பேசுகிறேன்.

எனக்குக் குரல் போய்விட்டது.

சிரிக்கிறீர்கள். இப்போது நன்றாகத்தானே பேசுகிறீர்கள் என்று நினைக்கிறீர்கள். என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். "குரல் போச்சுன்னு அரை மணி நேரமா சொல்லிக்கிட்டு இருக்கியே ஜெசிந்தா" என்றார். அவருக்கு எல்லாமே விளையாட்டு. எல்லாக் குரலும் வருகிறது, அதுதான் கஷ்டமே. கிழவிக் குரல் வருகிறது, குழந்தைக் குரல் வருகிறது, பேய் வருகிறது, மாமியார் வருகிறாள். ஒரே ஒருத்தியின் குரல் மட்டும் வரவில்லை. நாளைக் காலையில் ரெக்கார்டிங். நாளைக்குள் வந்தால் உண்டு. வராவிட்டால் இனி எப்போதும் இல்லை, ஏனென்றால் அவள் செத்துப்போய்விட்டாள். இதுதான் அவளுடைய கடைசிப் படம்.

நான் டப்பிங் பேசுகிறவள். இங்கிலீஷ் படம், இங்கிலீஷ் சீரியல், எல்லாவற்றையும் தமிழில் போடுகிறார்களே, அதில். என் முகம் உங்களுக்குத் தெரியாது. ஆனால் என் குரல் உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கும். "ஒலு நிமிஷம் பொலுங்க." தெரிகிறதா? குரல் இல்லாமல் வெறும் எழுத்தை மட்டும்தான் சொன்னேன்.

பார்த்தீர்களா, முகம் எப்படி மலர்ந்துவிட்டது. அதேதான். 'மருந்துக்கடை மகாராணி'. அந்தச் சீனாக்காரி சண்டை போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் சொல்வாளே. உங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொல்லிக்கொண்டு திரிந்தீர்களா? டீச்சர்கூடவா? ஆட்டோவின் பின்னால் எழுதியிருந்தார்கள். காமெடி நிகழ்ச்சிகளில் என்னை மாதிரிப் பேசிக் காட்டினார்கள். இங்கே சீட்டு போடுகிற பெண் இருக்கிறாளே, மிசோரம் பக்கமாம், தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுகிறாள். நேற்று சீட்டுக்குப் பெயர் கொடுக்க வந்தபோது நான்தான் அந்தக் குரல் என்று அவளிடம் சொன்னேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ரோட்டுல பசங்க என்னைப் பார்த்தாலே அதைத்தான் மேடம் சொல்வாங்க" என்றாள். இத்தனை வருடம் கழித்தும், பாருங்கள். வேலை மும்முரம் போல, அடுத்த ஆளுக்குச் சீட்டு எழுதப் போய்விட்டாள்.

அவள் பெயர் லில்லியன் க்வோக். நடிகையின் பெயர். எனக்கு லில்லி. எங்கள் சபையில்கூட மூன்று லில்லி இருக்கிறார்கள், அதனால் எனக்கு அந்நியமாகவே தெரியவில்லை. சீனாக்காரி என்று நாம் சொல்கிறோமே தவிர, அவள் பிறந்ததே அமெரிக்காவில். ஸ்டாக்டன் என்று ஒரு ஊர். அப்பா பஸ் மெக்கானிக், அம்மா தையல் கம்பெனியில். வக்கீலுக்குப் படிக்கப் போனவள் பாதியில் விட்டுவிட்டு நடிக்கப் போனாள். வீட்டில் ஒரு வருடம் பேசவில்லையாம். என் கதையும் கிட்டத்தட்ட அதுதான். நான் டீச்சர் டிரெயினிங்கை விட்டுவிட்டு நாகர்கோவிலிலிருந்து வந்தவள்.

முதன்முதலில் அவளுக்கு நான் பேசியது ஒரு போலீஸ் சீரியலில். ஞாயிற்றுக்கிழமை காலையில் போடுவார்கள். லாண்டரிக் கடைப் பெண். இரண்டே வரி. யாரோ துப்பாக்கியோடு ஓடினான், நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நான் மைக் முன்னால் போய் ஒழுங்காகப் பேசினேன். வசனம் எழுதுகிற மாசிலாமணி சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டி நிறுத்தினார்.

"எம்மா, மூஞ்சியைப் பாரும்மா. சப்பை மூக்கு. இது நம்மள மாதிரி பேசினா எவன் நம்புவான்? 'ர' வர்ற இடத்துல எல்லாம் 'ல' போடு."

போட்டேன். உள்ளே இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சவுண்ட் இன்ஜினியர் தலையை மேஜையில் வைத்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்குத்தான் நான் அந்த ஸ்டுடியோவில் ஓர் ஆளானேன்.

அதற்கு முன்னால் என்னை யாரும் ஆளாக மதிக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். வந்த புதிதில் என்னிடம் ஏதாவது பேசிக் காட்டு என்றார்கள். பயத்தில் வாயில் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதற்கு எங்கோட்டு போணும் என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான். என் பெயரே எங்கோட்டு ஆகிவிட்டது. கேன்டீனில் நான் தட்டை எடுத்தால் யாராவது ஒருவன், "எங்கோட்டு போணும்?" என்பான். மலையாள நர்ஸ், டீக்கடைச் சேச்சி, பாத்திரம் தேய்க்கிறவள், இந்த வேஷங்களுக்குப் பேசத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். நான் ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். தினமும் பேப்பரைச் சத்தமாகப் படித்துப் படித்து என் நாக்கை நானே கழுவினேன். ஊரிலிருந்து அம்மா போன் செய்தால் வெளியே போய்ப் பேசுவேன், யார் காதிலும் விழக் கூடாது என்று. கடைசியில் என் தமிழ் எவ்வளவு சுத்தமாகிவிட்டது தெரியுமா? ஒருநாள் நான் ஹலோ சொன்னதும் எங்கள் அம்மாவே, "இது ஆரு பேசுகது?" என்று கேட்டுவிட்டாள். என்னைத் தெரியவில்லை அவளுக்கு.

இல்லை, இல்லை. நீங்கள் ஏதோ கேட்க வந்தீர்கள். அதுவும் இதுவும் ஒன்றா என்றுதானே? அது வேறு, இது வேறு. அவர்கள் என்னைக் கேலி செய்தார்கள். நான் செய்தது தொழில். லில்லிக்கு நான் ஒரு குரல் கொடுத்தேன். இல்லாவிட்டால் லாண்டரிக் கடைப் பெண்ணை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

அவளுடைய சொந்தக் குரல் அப்படி ஒன்றும் இனிமை கிடையாது. ஹெட்போனில் கேட்டுக்கொண்டுதானே நாங்கள் பேசுவோம். கனமான குரல். மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் கீழே வைப்பது மாதிரி பேசுவாள். மற்ற அமெரிக்காக்காரர்கள் பேசுகிற அதே இங்கிலீஷ்தான், எனக்கு வித்தியாசமே தெரியாது. ஆரம்பத்தில் ஒன்றிரண்டு படத்தில் மட்டும் திக்கித் திக்கி உடைத்துப் பேசினாள். அப்புறம் நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டாள் என்று நினைக்கிறேன். அங்கேயே பிறந்தவள் எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறீர்கள். அதுவும் சரிதான். நான் அப்படி யோசிக்கவில்லை.

அவளுடைய பேட்டி ஒன்றை யாரோ தமிழில் போட்டிருந்தார்கள். வாய்ப்புக் கேட்டுப் போகிற இடத்தில் எல்லாம், "நல்லா பண்ணீங்க, இன்னொரு தடவை உங்க ஊர்க்காரங்க மாதிரி பேசிக் காட்டுங்க" என்பார்களாம். அவள் ஊர் ஸ்டாக்டன். அதனால் அவள் அத்தை ஒருத்தி மாதிரிப் பேசிக் காட்டுவாளாம். வயதான காலத்தில் சீனாவிலிருந்து வந்த அத்தை. அதற்கப்புறம் கொஞ்ச நாளைக்கு அத்தை வீட்டுக்குச் சாப்பிடப் போக முடியாதாம் அவளால். ஏன் என்று பேட்டியில் இல்லை. ஷூட்டிங் இருந்திருக்கும்.

பதினைந்து வருடம். நர்ஸ், ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பார்க்கிறவள், பேய் பிடித்தவளின் தோழி, விமானத்தில் சாப்பாடு கொடுக்கிறவள். பாதிப் படத்தில் செத்துவிடுவாள். நான் அவளுக்காக எத்தனை விதமாகச் செத்திருக்கிறேன் தெரியுமா? அவளைப் பற்றி அவள் அம்மாவுக்குத் தெரியாததுகூட எனக்குத் தெரியும். வசனத்துக்கு முன்னால் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பாள். பொய் சொல்கிற காட்சியில் எச்சில் விழுங்குவாள். அழுகிற காட்சியில் முதலில் உதட்டின் இடது ஓரம் இறங்கும், அப்புறம்தான் கண். நாங்கள் உதட்டைப் பார்த்தே பிழைக்கிறவர்கள். உதடு ஒட்டுகிற இடத்தில் ம, ப, ஏதாவது வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் பார்க்கிறவர்களுக்கு உறுத்தும், ஏன் உறுத்துகிறது என்று தெரியாமலேயே. 'மருந்துக்கடை மகாராணி'யில் அவள் சொல்வது 'ஒன் மொமென்ட், ப்ளீஸ்'. மொமென்ட்டுக்கு உதடு ஒட்டும், நம் நிமிஷத்தில் ம் இருக்கிறது. ப்ளீஸுக்கு ஒட்டும், பொறுங்க இருக்கிறது. அளவெடுத்துத் தைத்த மாதிரி. மாசிலாமணி சார் கையெடுத்துக் கும்பிட வேண்டிய ஆள். அதையே 'பொலுங்க' என்று சொல்லும்போது தியேட்டரில் ஜனங்கள் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். அமெரிக்காவில்கூட அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லையாம். அங்கே அது சும்மா மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. இங்கே நான் அதைத் தூக்கி நிறுத்தினேன்.

அந்தப் படம் ஓடியதால்தான் அவளோடு பேசுகிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஆமாம், பேசியிருக்கிறேன். விளம்பரத்துக்காக ஒவ்வொரு மொழியிலும் அவளுக்குக் குரல் கொடுத்தவர்களை வீடியோவில் சந்திக்க வைத்தார்கள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். எங்கள் டப்பிங் இன்சார்ஜ் கதிரவன் பக்கத்தில் நின்றான். ஸ்பானிஷ்காரி பேசினாள், ஜெர்மன்காரி பேசினாள், எல்லோரும் சும்மா சாதாரணமாக. என் முறை வந்தது. திரையில் லில்லி. மேக்கப் இல்லை. கண்ணாடி போட்டிருந்தாள். என்னைப் பார்த்து, வணக்கம் என்று கையைக் குவித்தாள். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் சும்மா இருப்பேனா, எழுந்து நின்று அந்தக் குரலில் நாலு வரி பேசிக் காட்டினேன். கைகால் எல்லாம் ஆட்டி. இங்கே இருந்தவர்கள் சிரித்துத் தீர்த்துவிட்டார்கள்.

லில்லியும் சிரித்தாள். சிரித்தபடியே இருந்தாள். அப்புறம் உதட்டின் இடது ஓரம் கொஞ்சம் இறங்கியது. ஏதோ கேட்டாள். கதிரவன் எனக்குத் தமிழில் சொன்னான்.

"நான் உங்க காதுக்கு இப்படித்தான் கேக்குறேனான்னு கேக்குறாங்க அக்கா."

"யெஸ், யெஸ்" என்றேன் நான். "சேம், சேம்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. கடல் தாண்டி ஒருத்தி தன்னை இவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறாள் என்றால் யாருக்குத்தான் கலங்காது? தேங்க் யூ என்றாள். கனமான குரலில், கீழே வைப்பது மாதிரி. அவ்வளவுதான், அடுத்து ஜப்பான்காரிக்குப் போய்விட்டார்கள். நான் அதை வாழ்நாள் முழுக்க வைத்திருப்பேன்.

ஆனால் அதற்கப்புறம்தான் என் வயிற்றில் அடித்தார்கள். லில்லிக்கு முதல்முறையாகப் பெரிய வேஷம் வந்தது. சீரியலில் நீதிபதி. கதையே அவளைச் சுற்றித்தான். தமிழில் பேச நான் தயாராக இருந்தேன். கதிரவன் வந்து தலையைச் சொறிந்தான். அங்கிருந்து உத்தரவாம். இனி அவளுக்கு யார் பேசினாலும் சாதாரணமாகப் பேச வேண்டுமாம், குரலை அவள் தரப்பில் கேட்டு ஒப்புக்கொண்ட பிறகுதானாம். நான் சாதாரணமாகவும் பேசி அனுப்பினேன். என்னை வேண்டாம் என்றுவிட்டார்கள். மிருதுளா என்று ஒரு பெண், நேற்று வந்தவள், வாயில் வெல்லப்பாகு வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி இருக்கும். அவளுக்குப் போய்விட்டது.

யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நிச்சயமாக. லில்லிக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள்.

அந்தச் சீரியலை நான் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பேன். அவள் வாயசைப்பாள், நான் சோபாவில் உட்கார்ந்து பேசுவேன், நம்முடைய பழைய குரலில். நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "சாட்சியைக் கூட்டிட்டு வாலுங்க." என் வீட்டுக்காரர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். "பக்கத்து வீட்ல மந்திரிக்க ஆள் கூட்டிட்டு வந்துடப் போறாங்க" என்பார். அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், அவளுக்கு மூச்சு போதவில்லை. ஒரே மூச்சில் சொல்லக்கூடிய வரியை இரண்டாக உடைத்தாள். வழக்கத்தில் இல்லாத இடத்தில் எல்லாம் உதட்டைத் திறந்தாள். ஆறாவது பாகமா, ஏழாவதா, கழுத்தில் எலும்பு தெரிந்தது. நான் இவரிடம் சொன்னேன், லில்லிக்கு உடம்பு சரியில்லை என்று. உனக்குக் கடுதாசி போட்டாளா என்றார்.

போன மழைக்காலத்தில் செய்தி வந்தது. நுரையீரலில் புற்றுநோய். மூன்று வருடமாக யாருக்கும் சொல்லாமல் நடித்திருக்கிறாள். எனக்கு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. துக்கம் விசாரிக்க என் வீட்டுக்கு யார் வருவார்கள்? நான் யார் அவளுக்கு? அன்றைக்கு உலை வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில், இறந்தவர்களுக்காக ஜெபிக்கப் பெயர் கொடுப்போம் இல்லையா, அதில் அவள் பெயரையும் கொடுத்தேன். எங்கள் பாதிரியார், ஐயர் என்றுதான் சொல்வோம், பார்த்துவிட்டு, "லில்லியன்னு போட்டிருக்கீங்களே, எந்தத் தெரு?" என்று கேட்டார். எங்கள் தெருதான் ஐயா என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? சபையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எங்கள் தெருக்காரர்கள் மட்டும் யாரது யாரது என்று திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கடைசியாக ஒரு படம் எடுத்துவைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவளே எழுதியது. சின்னப் படம். வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிற ஒரு நடிகையின் கதை. அம்மாவுக்கு ஞாபகம் போய்விட்டது. சண்டை இல்லை, பேய் இல்லை. இருவரும் சூப் குடிக்கிறார்கள், குளிக்க வைக்கிறாள், நகம் வெட்டுகிறாள். தமிழுக்கு மிருதுளாதான் பேசியிருக்கிறாள். முழுக்க அவள்தான். ஆனால் நடுவில் ஒரே ஓர் இடம் வருகிறது. அதற்குத்தான் கதிரவன் என்னைக் கூப்பிட்டான். "அக்கா, உங்க பழைய குரல் அப்படியே வேணும். அது உங்களுக்கு மட்டும்தான் வரும்" என்றான். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். கடைசியில் லில்லி என்னிடமே வந்துவிட்டாள்.

காட்சியைச் சொல்கிறேன், கேளுங்கள். டிவியில் ஏதோ பழைய படம் ஓடுகிறது. அதில் மகள் வேலைக்காரியாக நடித்திருக்கிறாள், அந்த உடைந்த பேச்சோடு. அம்மா திரையைக் காட்டி யாரது என்கிறாள். நான்தான் என்கிறாள் மகள். நீ இல்லை, என் பெண் இப்படிப் பேச மாட்டாள் என்கிறாள் அம்மா. நான்தான் அம்மா, இதோ பார் என்று மகள் எழுந்து நின்று அந்தக் குரலில் பேசிக் காட்டுகிறாள். கைகால் எல்லாம் ஆட்டி. நம் ஜனங்களுக்குப் பிடிக்கும் என்று அந்த இடத்தில் கதிரவன் 'ஒலு நிமிஷம் பொலுங்க' போட்டிருந்தான். அம்மா பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அப்புறம் ஒரு கேள்வி கேட்கிறாள். மகள் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே இருக்கிறாள், அப்படியே சத்தம் நின்றுபோய்த் தோள் மட்டும் ஆடுகிறது. அவ்வளவுதான் காட்சி.

போன வாரம் ரெக்கார்டிங். அம்மாவுக்குப் பேசுகிறவர் ராஜாமணி அம்மா, பழைய நாடக நடிகை, என் பக்கத்திலேயே நின்றார். நான் பேசினேன். முதல் டேக்கிலேயே வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பழைய மாதிரியே எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ராஜாமணி அம்மா தன் வரியைச் சொன்னார்.

"ஐயோ பாவம், இந்தப் பொண்ணு நாக்குக்கு என்ன ஆச்சு?"

இப்போது நான் சிரிக்க வேண்டும். லில்லி திரையில் சிரிக்கிறாள். எனக்குச் சத்தம் வரவில்லை. சரி, முதலிலிருந்து போகலாம் என்றான் கதிரவன். 'ஒலு' என்பதற்கு வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. திரும்பத் திரும்ப. வெந்நீர் கொடுத்தார்கள், மிளகு கொடுத்தார்கள். ராஜாமணி அம்மா முதுகைத் தடவினார். மிருதுளா வெளியே சோபாவில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கு அவள் கண்மேல்தான் சந்தேகம். அதோடு அன்றைக்கு வருகிற வழியில் ஐஸ் போட்டு ரோஸ்மில்க் குடித்திருந்தேன்.

என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். போன் உள்ளேதான் இருக்கிறது, அடித்தால் அடிக்கட்டும்.

*

இன்னும் உங்களைக் கூப்பிடவில்லையா? நல்ல வேளை. பையைக் கொடுங்கள்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டார். எதிரே ஒரு டிவி, அதில் என் தொண்டை தெரிகிறது. இத்தனை வருடம் அதை வைத்துப் பிழைத்திருக்கிறேன், இன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். வெள்ளையாக இரண்டு நாடா. கட்டி இல்லை, வீக்கம் இல்லை, சின்னப் பிள்ளைக்கு இருப்பது மாதிரி இருக்கிறது என்கிறார். கிழவி மாதிரிப் பேசச் சொன்னார், பேசினேன். பேய் மாதிரிச் சிரிக்கச் சொன்னார், சிரித்தேன். நாடா இரண்டும் அழகாகச் சேர்ந்து அதிர்ந்தது. இப்போ அந்தக் குரல் என்றார். எவ்வளவோ பார்த்தேன். இரண்டும் விலகி நின்றுகொண்டு சேரவே மாட்டேன் என்கிறது. திறந்த கதவு மாதிரி நிற்கிறது.

டாக்டர் குழாயை எடுத்துவிட்டுக் கை கழுவினார். "அழுகையை அடக்கும்போது தொண்டை இப்படித்தாம்மா திறந்து நிற்கும். இதுக்கு மருந்து இல்லை" என்றார்.

நான் எங்கே அழுதேன்? நீங்களே சொல்லுங்கள், இவ்வளவு நேரம் பேசினேன், ஒரு சொட்டு வந்ததா? மாத்திரை ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்துவிட்டார். இவரும் அந்த முதல் டாக்டர் மாதிரிதான். தாம்பரத்தில் ஒருவர் இருக்கிறாராம், அவரையும் பார்த்துவிட வேண்டும்.

இருங்கள், போன். கதிரவன்தான்.

சொல்லு கதிர். பார்த்துட்டேன்... ஒண்ணும் இல்லைங்கிறாரு... ம்... மிருதுளா பேசிப் பார்த்தாளா... வரலையா. வராது. அது எப்படி அவளுக்கு வரும்... ம்... கம்பெனியே சொல்றாங்களா? அந்த ஒரு இடத்தை மட்டும் அவ குரல்லயேவா... கீழ தமிழ்ல எழுத்து போட்டு... ம்... இல்லப்பா, எனக்காகக் காத்திருக்க வேண்டாம்... முடியும்னா சொல்ல மாட்டேனா? தொண்டைதான் சரியில்லை, வேற ஒண்ணுமில்லை... விட்டுடு கதிர். அவளே பேசட்டும்.

வைத்துவிட்டான்.

நாளைக்கு இனி எங்கும் போக வேண்டியதில்லை. அந்த இடத்தை லில்லி குரலிலேயே விட்டுவிடுகிறார்கள். தொண்டை இப்படிச் சதி செய்தால் நான் என்ன செய்ய முடியும்? உங்களைக் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறதே, போங்கள், போங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். படம் வந்ததும் பாருங்கள். ஆனால் அந்த இடத்தை நான் ஹெட்போனில் கேட்டிருக்கிறேன், அவள் குரலில். அவள் அந்த வேலைக்காரி மாதிரிப் பேசுவதும், அந்த அம்மா கேட்பதும், அதற்கப்புறம் இவள் சிரிப்பதும். ஜனங்கள் ஏமாந்துபோவார்கள். யாருக்கும் சிரிப்பு வராது. ஒருத்தருக்கும் வராது.